எது குறைகிறது?

எனக்கு வாய் நீளம். ஆவடி குவார்ட்டர்ஸில் தண்ணீர் லாரிக்காரனில் ஆரம்பித்து என் மாமியார் வரைக்கும் அதற்குத் தப்பியவர்கள் யாருமில்லை. வகுப்பில் அது உதவியது. இருபத்திரண்டு வருடம் உயிரியல் நடத்தினேன், ஒரு பிள்ளை தூங்கியதில்லை. ஆனால் 1989 மே மாதம், பூந்தமல்லியில் தகரப் பெட்டி செய்கிற கலீலுல்லாவிடம் நான் சொன்ன நாலு வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமென்றால், பேசிய மற்ற எல்லாப் பேச்சையும் விட்டுக்கொடுத்துவிடுவேன். இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வெட்கம். இப்போதும் வெட்கம்தான்.

நான் வேலை பார்த்தது ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். பிள்ளைகளில் பாதிப் பேர் டிபன்ஸ் பேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வருவார்கள். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராக வந்து சேர்ந்த குடும்பங்கள், எங்கள் குடும்பம் மாதிரி. மற்ற பாதியில் பெரும்பாலும் பூந்தமல்லி முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அப்பாமார்கள் தகரவேலை, தையல், கடை என்று ஏதாவது ஒன்று செய்துகொண்டிருப்பார்கள்.

பரிணாமம் என்றால் எனக்கு உயிர். மீனிலிருந்து தவளை, தவளையிலிருந்து பல்லி என்று கரும்பலகையில் ஏற ஏற எனக்கே உடம்பு சிலிர்க்கும். அம்பத்தூரில் மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடுகிற அறிவியல் வட்டம் ஒன்று இருந்தது. அந்த வருடத்துப் போட்டித் தலைப்பு, மனிதக் கூட்டங்களுக்குள் அறிவு வேறுபாடு பிறவியிலா, வளர்ப்பிலா என்பது. எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அளந்தே காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். நம்மைவிடக் கெட்டிக்காரி யார் என்கிற நினைப்பு.

டிராயிங் மாஸ்டர் அப்பாவுவைப் பிடித்து பன்னிரண்டு அட்டைகள் வரையச் சொன்னேன். ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்று இருக்காது. பிள்ளையிடம் காட்டி, "இதுல எது குறையுது?" என்று கேட்கவேண்டும். மிதி இல்லாத சைக்கிள், ஒற்றைக் கால் சேவல், முள் இல்லாத கடிகாரம், பொட்டு இல்லாத பெண் முகம், பிடி இல்லாத குடை, கோலம் இல்லாத வாசல், கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டாத பொங்கல் பானை, இப்படி. இந்த வரிசையைக் கேட்கும்போதே உங்களில் சிலருக்கு உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை. கோலத்தையும் பொட்டையும் எழுதும்போது அது ஒரு மதத்துக்காரர்களின் வழக்கம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் முப்பது பேர், பூந்தமல்லி முஸ்லிம் பிள்ளைகள் முப்பது பேர். ஒவ்வொருவராக ஆய்வுக்கூடத்துக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். குவார்ட்டர்ஸ் சராசரி பன்னிரண்டுக்குப் பத்தரை. பூந்தமல்லி எட்டு. இரண்டரை வித்தியாசத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூர்ந்து பார்க்கும் திறன் பரம்பரையாக வருவது, தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் கூட்டத்தில் அது தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்திருக்கிறது என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். சிவப்பு மையில் ஒரு நீளக் கட்டம், பச்சை மையில் ஒரு குட்டைக் கட்டம் போட்டு வரைபடம் வேறு.

அம்பத்தூரில் அதை வாசித்தபோது எழுந்து நின்றவர் ஒரே ஒருவர். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் பக்தவத்சலம், காட்டுப்பாக்கத்துக்காரர். "டீச்சர், கொக்குக்குக் காலு நீள எத்தினி லட்சம் வருஷம் ஆச்சின்னு நீங்கதான் க்ளாஸ்ல சொல்றீங்க. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவுல எத்தினி லட்சம் வருஷம் கீது? பஸ்ல குந்தினா அரை மணி நேரம். அந்த ஜனங்க வேற எங்கியோ இருந்து வந்து எறங்கல. நம்ம கூட இதே ஏரித் தண்ணிய குடிச்சவங்கதான். உங்க நம்பரு கரெக்டா இருக்கும். எதை எண்ணினீங்கன்னு இன்னொரு தபா பாருங்க."

நான் விடுவேனா. "சார், தனக்குள்ளேயே பெண் கொடுத்து பெண் எடுத்தா ஒரு குணம் சேரவும் செய்யும், கழியவும் செய்யும். அதுக்கு லட்சம் வருஷம் வேண்டாம். கணக்கு வாத்தியாருக்கு உயிரியல் புரியலேன்னா அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றேன். சபை சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். தனக்குள்ளேயே மணம் முடிப்பதைப் பற்றி அப்படி முழங்கிய நான் கட்டிக்கொண்டிருப்பது என் சொந்தத் தாய்மாமன் மகனை. அது அந்தச் சபையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

முதல் பரிசு கொடுத்தார்கள். அதோடு போயிருந்தால் ஒரு முட்டாள்தனமான கட்டுரையோடு போயிருக்கும். எங்கள் தாளாளர் தசரதன் அதைப் படித்துவிட்டு, "இந்த அட்டையையே வச்சி ஆறாம் வகுப்புப் பிரிவைப் பிரிச்சிரலாமே, சுசீலா மேடம்" என்றார். பத்தும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் ஆங்கில வழி ஏ பிரிவு. அதற்குக் கீழே போனால் டி பிரிவு. டி பிரிவுக்குப் போன பிள்ளைக்கு எட்டாவது வந்ததும் கைத்தொழில் என்று சொல்லி ஓரம்கட்டிவிடுவார்கள். அங்கிருந்து ஏறி வந்த ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. இது தெரிந்தும் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்ன, பெருமையாக இருந்தது.

பட்டியல் ஒட்டிய மறுநாள் கலீலுல்லா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பக்கத்தில் மகள் ஜுபைதா. நல்ல வெயில். ஸ்டாப் ரூமில் கரண்ட் இல்லை. எனக்கு அன்றைக்கு அவர் நாலாவது பெற்றோர்.

"டீச்சரம்மா, பாப்பா பேரு ஏ-ல இல்ல, டீ-ல கீது. ஒண்ணாவதுலேர்ந்து இது மொத ரேங்க்கு. எங்க குடும்பத்துல யாரும் அஞ்சாவத தாண்டல. இது டாக்டருக்குப் படிக்கணும்னு ஊட்ல சொல்லிகினே கீது. எதுல தப்பு பண்ணிச்சின்னு சொன்னீங்கன்னா லீவுல குந்த வச்சி சொல்லிக் குடுத்துருவோம்" என்றார்.

ஜுபைதாவுக்கு ஒன்பது மதிப்பெண். ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஏ பிரிவு தவறியிருந்தது. அதைப் பார்த்தாவது நான் நின்றிருக்கலாம். வியர்வை, எரிச்சல், பரிசு வாங்கிய திமிர் எல்லாம் சேர்ந்து வாய் முந்திக்கொண்டது.

"பாய், இது சொல்லிக் கொடுத்து வர்ற விஷயம் இல்ல. கூர்ந்து பார்க்கிற புத்தி பிறக்கும்போதே வரணும். உங்க ஜனங்க ரத்தத்துல அது கொஞ்சம் கம்மி. நான் அளந்தே பார்த்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லையோ என்று வரைபடத்தை எடுத்து விரித்தேன். கடவுளே, விரித்தேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பச்சைக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இந்தக் குட்டையா கீறது நாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

பத்து வயதுப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சண்டை போடவில்லை. "படிச்சவங்க நீங்க சொல்றீங்க. சரிம்மா" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். திருமழிசையில் தம்பி வீட்டில் இருந்தாள் அவள். தம்பிக்கு அங்கே எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. அட்டைகளை மேஜையில் பரப்பிவைத்திருந்தேன். மாவட்டப் போட்டிக்கு அனுப்ப உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடி இது சீட்டாட்டம்?"

"புத்தியை அளக்கிற அட்டைம்மா."

"எனக்கும் ஒரு பரீட்சை வையேன், வாத்தியாரம்மா. உன்னைப் பெத்த புத்தி எவ்வளவுன்னு பார்ப்போம்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சைக்கிளைப் பார்த்ததும் மிதி என்றாள். சேவலைப் பார்த்து, "அடப் பாவமே, காலை எந்த நாய் கொண்டுபோச்சு?" என்றாள். கடிகாரத்துக்கு முள் என்றாள். சிரித்துக்கொண்டே நாலாவது அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் குறையலையே."

"நல்லா பாரும்மா."

"பார்த்துட்டேன்டி. கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, வாய் இருக்கு. என்னை மாதிரி ஒருத்தி."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஓ. பொட்டா?" என்றாள். அட்டையை மேஜையில் வைத்தாள். "இதையா குறைன்னு எழுதி வச்சிருக்கே, சுசீ?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்பா போன பதினாலு வருடமாக என் அம்மா நெற்றியில் எதுவும் வைப்பதில்லை. எத்தனையோ முறை பார்த்த முகம் அது. அதைக் கண் எதிரே வைத்துக்கொண்டு, கூர்ந்து பார்க்கும் திறனைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவள் தூங்கியதும் விடைத்தாள்களை எடுத்தேன். பொட்டு, கோலம், மஞ்சள்கொத்து, மூன்று அட்டைகளையும் தள்ளிவிட்டு மீதி ஒன்பதைக் கூட்டினேன். இரண்டு பக்கமும் ஏழே முக்கால். திரும்பக் கூட்டினேன். அதே ஏழே முக்கால். என் இரண்டரை மதிப்பெண் பரம்பரை முழுக்க அந்த மூன்று அட்டையில் இருந்தது. ஜுபைதா அந்த மூன்றையும் விட்டிருந்தாள், மீதி ஒன்பதில் ஒன்பதும் சரி. அறுபது பேரில் ஒன்பதும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். ஏ பிரிவுக்கு வந்திருக்கவேண்டிய பதினொரு பிள்ளைகள் டி பிரிவில் கிடந்தார்கள். பதினொன்றும் பூந்தமல்லி.

இந்த இடத்தில் நான் நல்லவளாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. திங்கட்கிழமை தசரதன் அறைக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் மேஜைக்குப் பின்னால் என் பரிசுக் கோப்பை இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பெருமை என்று அங்கே வைத்திருந்தார்கள்.

"சார், ஒரு கூட்டல் பிழை ஆயிடுச்சு" என்றேன்.

"எத்தனை பேருக்கு?"

பதினொன்று என்று சொன்னால் கட்டுரை என்ன ஆகும், பக்தவத்சலம் என்ன நினைப்பார், சபையில் சிரித்தவர்கள் என்னைப் பார்த்து எப்படிச் சிரிப்பார்கள் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது.

"ஒரு பொண்ணுக்குத்தான்" என்றேன்.

ஜுபைதா பெயரை ஏ பிரிவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பாவம் தீர்ந்தது போல இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு அன்று சாயங்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

சாயங்காலம் பஸ் பிடித்து பூந்தமல்லிக்குப் போனேன். கடைவீதிக்குப் பின்னால் சின்னக் கடை. கலீலுல்லா ஒரு டிரங்குப் பெட்டியின் மூடிக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். ஜுபைதா ஓரமாக உட்கார்ந்து ஆணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காகிதத்தை நீட்டினேன்.

"பாய், கூட்டல்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. ஜுபைதாவுக்கு ஏ பிரிவுல இடம் இருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். திரும்ப என்னிடமே நீட்டினார். "வாணாம்மா."

"ஏன் பாய்?"

"பாவம் பாத்து குடுக்கறீங்க. உங்க நல்ல மனசு. ஆனா ரத்தத்துலயே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க, அளந்து பாத்தேன்னீங்க. இல்லாத புள்ளய அங்க கொண்டாந்து குந்த வச்சா, மத்த புள்ளைங்க நடுவுல அது திணறும். டீ-லயே இருக்கட்டும். தையல் கத்துக்கும். நான் ஊட்லயும் சொல்லிட்டேன், டாக்டரு பேச்ச இனிமே எடுக்கக் கூடாதுன்னு."

என் வாக்கியத்தை அவர் நம்பிவிட்டார். கட்டுரையைப் படித்த எவரையும்விட அதிகமாக நம்பியிருந்தார். நான் சொன்ன பொய்யை அவர் ஏற்காததற்குக் காரணம், அதற்கு முன்னால் நான் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டதுதான். ஜுபைதா ஆணியைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. தலை குனிந்தே இருந்தது. ஸ்டாப் ரூமில் நிமிர்ந்து பார்த்த பெண் அது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கூட்டல்ல தப்பு இல்ல பாய். தப்பு என்கிட்ட" என்று ஆரம்பித்தேன். மூன்று அட்டைகளையும் சொன்னேன், மற்ற ஒன்பதில் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததைச் சொன்னேன். "ரத்தம், பரம்பரைன்னு சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாம உளறினது. உங்க பொண்ணு ஒன்பதுக்கு ஒன்பது. மூணே பேர்தான் அப்படி. அதுல இவ ஒருத்தி" என்றேன். நீளமான வாய் அன்றைக்கு நாலு வாக்கியத்துக்குள் மூன்று முறை தடுக்கியது.

அவர் கீலைக் கீழே வைத்தார். "பொட்டு இல்லன்னா கொறையா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். பிறகு, "இந்த மாரி எத்தினி புள்ளைங்க?" என்றார்.

"இவளோட சேர்த்துப் பதினொண்ணு."

"மத்த பத்து ஊட்டுக்கும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அங்கயும் இதே மாரி நம்பிகினு குந்திகினு இருப்பாங்கம்மா. ஒவ்வொரு ஊட்லயும் ஒரு அத்தா புள்ளைய பாத்து, இதுக்கு அவ்ளோதான்னு நெனச்சிகினு இருப்பான்." குரலை உயர்த்தவில்லை. "எனக்குச் சொன்னத அவங்களுக்கும் சொல்லுங்க. அப்பதான் இந்தக் காயிதத்த நான் வாங்குவேன்."

மறுநாள் தசரதனிடம் பதினொன்று என்று சொன்னதும், பதினொரு பெயரும் ஏ பிரிவுக்கு மாறியதும், கோப்பையை நானே அம்பத்தூரில் கொண்டுபோய் வைத்ததும், சபையில் பக்தவத்சலம் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதும் நடந்தன. அதெல்லாம் செய்ய முடிந்ததுதான். அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் முடியவில்லை.

"ஜுபைதா, டீச்சருக்கு ஊடு காட்டு" என்றார் கலீலுல்லா. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். முதல் வீடு ஜரினா என்கிற பிள்ளையின் வீடு. பச்சைக் கதவு, திரைச்சீலை போட்டிருந்தது. கதவைத் தட்டப் போனவள் நின்றாள்.

"டீச்சர், அந்த மூஞ்சி படத்துக்கு பொட்டுன்னு சொன்னா மார்க் குடுப்பீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏம்மா சொல்லல?"

"எங்கம்மா மாரியே இருந்திச்சி" என்றாள். "எங்கம்மாவுக்கு ஒண்ணு கொறையுதுன்னு மார்க்குக்காக எப்பிடி சொல்றது?"

குற்றம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்த வகுப்பில் என் அட்டையை முழுசாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். நான் போட்டது பூஜ்யம்.

கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து யாரது என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஜுபைதா ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். பதில் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.